குதிகால் வலிக்குக் கத்தியின்றி மருத்துவம்

பால்மரம் வெட்டும் தொழிலுக்குக் கையும் கண்ணும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதன கால்களும். விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தது முதல், நிரையில் மரத்துக்கு மரம் நடந்து, மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி, வாளியில் சேர்த்த பாலைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுக்கும் வரை உடலின் பாரத்தைத் தாங்குபவை அவையே. ஒவ்வோர் அடியிலும் அந்தப் பாரத்தை முதலில் ஏற்பது குதிகால். அது நொந்துவிட்டால் நடை தளர்கிறது, வெட்டும் மரங்கள் குறைகின்றன, பால் குறைகிறது, மாதக் கடைசியில் சம்பளமும் குறைகிறது.

இந்த வலி வந்தவருக்கு அறிவுரை கூற ஆள் பஞ்சமில்லை. ஒருவர் சுட்ட செங்கல்லை மிதிக்கச் சொல்வார். ஒருவர் ஊசி ஒன்றே போதும் என்பார். இன்னொருவர் இரவுச் சந்தையில் விற்கும் மாத்திரையைப் புகழ்வார். பட்டணத்துத் தனியார் மருத்துவ நிலையமோ நூற்றுக்கணக்கான வெள்ளி செலவாகும் இயந்திரச் சிகிச்சையை விளம்பரப்படுத்தும். எதை ஏற்பது, எதை விடுப்பது? அறுவைச் சிகிச்சையின்றி இந்த வலியைத் தீர்க்கும் வழிகள் பல உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலி எங்கிருந்து வருகிறது?

நம் உள்ளங்காலில், தோலுக்கும் கொழுப்பு மெத்தைக்கும் மேலே, வலிமையான நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. குதி எலும்பின் அடிப்பகுதியில் தொடங்கும் அது, விசிறிபோல் விரிந்து கால்விரல்களின் அடிவரை செல்கிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, அப்படியே உள்ளங்காலின் வளைவுக்கு இந்த நார்ப்பட்டை. பாரம் விழும்போது வளைவு தட்டையாகிவிடாமல் அது இழுத்துப் பிடிக்கிறது.

நீண்ட நேரம் நிற்பதாலும் நடப்பதாலும் இந்த நார் குதி எலும்போடு சேரும் இடத்தில் மீண்டும் மீண்டும் இழுவை ஏற்படுகிறது. நாளடைவில் அவ்விடம் தடித்து நலிந்து வலிக்கத் தொடங்குகிறது. மருத்துவர்கள் இதனைப் 'பிளாண்டர் பாசியைட்டிஸ்' என்று அழைப்பர். நாற்பது முதல் அறுபது வயது வரை உள்ளவர்களிடையே இது மிகுதி. கூடுதலான உடல் எடை, இறுகிப்போன கெண்டைக்கால் தசை, தட்டையான அல்லது மிக உயர்ந்த உள்ளங்கால் வளைவு, அடி தேய்ந்த காலணி ஆகியவை இதற்குத் துணை போகின்றன. மேட்டில் ஏறும்போது கெண்டைக்காலும் உள்ளங்கால் நாரும் ஒருசேர இழுபடுவதால், மலைச்சரிவில் நிரை உள்ளவர்கள் இதனை மேலும் நன்கு உணர்வர்.

இதனை அடையாளம் காண்பது கடினமன்று. காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் அடியில், சற்று உட்புறமாக, ஆணி தைத்தாற்போல் வலிக்கும். சிறிது நடந்ததும் குறையும். வேலை முடிந்து உட்கார்ந்து மீண்டும் எழுந்தால் அதே வலி திரும்பும். நாள் முழுதும் நின்றபின் மாலையில் கூடும்.

ஒளிப்படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "குதி எலும்பில் முள் வளர்ந்திருக்கிறது" என்று சொன்னால் பலர் அஞ்சிவிடுகின்றனர். அஞ்சத் தேவையில்லை. வலியே இல்லாத பலருடைய குதி எலும்பிலும் அத்தகைய முள் காணப்படுகிறது. முள்ளை அகற்றினால்தான் வலி தீரும் என்பது பழைய எண்ணம். முள் இருந்தபடியே இருக்க, வலி மட்டும் தீர்ந்து போவதே பெரும்பாலோர் காணும் முடிவு.

ஒப்பிடும் முறை

எந்த மருத்துவத்தையும் எடைபோடுவதற்கு மூன்று கேள்விகள் போதும். நிவாரணம் எப்போது தொடங்கும்? எவ்வளவு காலம் நீடிக்கும்? அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? விலை என்பது பணம் மட்டுமன்று. பக்க விளைவும் இழக்கும் வேலை நாளும் அதில் அடங்கும்.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். இந்த வலி கொண்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல், அறுவையின்றியே ஓராண்டுக்குள் நலமடைகின்றனர். எனவே எந்த மருந்தைத் தொட்டாலும் "அதனால்தான் குணமாயிற்று" என்று சொல்ல வாய்ப்புண்டு. இக்காரணத்தால், நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒன்றும் மறுபிரிவுக்கு மற்றொன்றுமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

செலவில்லாத இரு பயிற்சிகள்

முதலாவது, நாரை நீட்டும் பயிற்சி. உட்கார்ந்துகொண்டு, வலியுள்ள காலை மற்றக் காலின் முழங்கால்மீது குறுக்காக வைக்க வேண்டும். கால்விரல்களைக் கையால் பிடித்து, முழங்காலை நோக்கிப் பின்னால் வளைக்க வேண்டும். மற்றொரு கையால் உள்ளங்காலைத் தடவினால், நார் நாண்போல் விறைத்திருப்பது தெரியும். அவ்வாறே பத்து எண்ணும் வரை பிடித்து, பின் தளர விடவேண்டும். இப்படிப் பத்து முறை; நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளையைப் படுக்கையில் இருந்தவாறே, கால் தரையில் படுமுன் செய்தல் வேண்டும். அதுவே இதன் உயிர்நாடி. இரவு முழுதும் சுருங்கிக் கிடந்த நார், நம் முழு எடையும் விழுமுன்னர் மெல்ல நீண்டுகொடுக்கிறது.

2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நெடுநாள் குதிகால் வலி கொண்ட 101 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மேலே கூறிய பயிற்சியைச் செய்தனர். மறுபிரிவினர் சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைச் செய்தனர். எட்டு வாரங்களின் முடிவில் முதற் பிரிவினரே அதிக நலம் கண்டனர். கெண்டைக்கால் இறுகியுள்ளவர்கள் சுவர்ப் பயிற்சியையும் சேர்த்துச் செய்யலாம். ஆயின் அதனை மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடலாகாது.

இரண்டாவது, வலுவூட்டும் பயிற்சி. சுருட்டிய துண்டு ஒன்றைப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, அதன்மேல் கால்விரல்கள் நிமிர்ந்து நிற்குமாறு முன்பாதத்தை ஊன்ற வேண்டும். சுவரையோ கைப்பிடியையோ பற்றிக்கொண்டு, மூன்று எண்ணுவதற்குள் குதிகாலை மெல்ல உயர்த்தி, இரண்டு எண்ணும் வரை மேலே நிறுத்தி, மீண்டும் மூன்று எண்ணும் நேரத்தில் மெல்லக் கீழே இறக்க வேண்டும். தொடக்கத்தில் இரு கால்களாலும், வலு வந்தபின் வலியுள்ள ஒற்றைக் காலாலும் செய்யலாம். பன்னிரண்டு முறை கொண்ட மூன்று சுற்றுகள். ஒருநாள் விட்டு ஒருநாள். எளிதாகிவிட்டால் முதுகுப் பையில் சிறிது பாரம் சேர்த்துக்கொள்ளலாம்.

டென்மார்க் நாட்டில் 48 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி செய்தவர்கள் மூன்றாம் மாதத்தில், நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நல்ல முன்னேற்றம் கண்டனர். பன்னிரண்டாம் மாதத்தில் இரு பிரிவினரும் ஏறக்குறையச் சமநிலையில் இருந்தனர். ஆகவே இரண்டில் எதைத் தொடர்ந்து செய்ய இயலுமோ, அதுவே சிறந்தது. இரண்டையும் செய்தால் நன்று.

பயிற்சிகளின் குறை ஒன்றே: பலன் உடனே தெரியாது. மூன்று நாள் செய்துவிட்டு "பயனில்லை" என்று கைவிடுவோரே மிகுதி. ஆறு முதல் எட்டு வாரங்கள் பொறுமை வேண்டும்.

காலணியும் உள்மெத்தையும்

பாம்புக்கும் அட்டைக்கும் அஞ்சி நாம் அணியும் ரப்பர் பூட்ஸ் தேவையானதே. அதனைக் கழற்றிவிட்டுச் சிலிப்பரோடு நிரைக்குச் செல்லுதல் அறிவுடைமையன்று. ஆனால் அத்தகைய பூட்ஸ் பெரும்பாலும் உள்ளே தட்டையாக இருக்கும். உள்ளங்கால் வளைவைத் தாங்காது. அடி தேய்ந்துவிட்டால் குதிகாலைக் காப்பதும் இல்லை. இக்குறையைப் போக்க, வளைவைத் தாங்கும் உள்மெத்தை ஒன்றை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம். மெத்தை வைத்த பின்னும் விரல்கள் நெருக்குண்ணாத அளவில் பூட்ஸ் அமைய வேண்டும்.

கடையில் கிடைக்கும் ஆயத்த உள்மெத்தை போதுமா, அல்லது பாதத்தை அச்செடுத்துச் செய்யும் விலை உயர்ந்த மெத்தை வேண்டுமா? 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 135 பேரைக் கொண்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. மூன்றாம் மாதத்தில் இரண்டுமே சிறிதளவு உதவின. ஒன்று மற்றொன்றைவிட மேலானதாக இல்லை. ஓராண்டு கழிந்தபின், வெறும் மென்பஞ்சுத் துண்டை அணிந்தவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எனவே முதலில் ஆயத்த மெத்தையே போதுமானது.

வீட்டிலும் கவனம் வேண்டும். சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நின்று சமைப்பதும் துவைப்பதும் வலியை வளர்க்கும். வலி தீரும் வரையிலாவது, வீட்டுக்குள் அணியத் தடித்த அடியுள்ள செருப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

பனிக்கட்டியும் சுடுசெங்கல்லும்

வேலை முடிந்து வந்தபின், பனிக்கட்டியைத் துணியில் சுற்றி குதிகாலில் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி தணியும். தண்ணீர் நிரப்பி உறையவைத்த சிறு போத்தலை உள்ளங்காலின்கீழ் உருட்டுவதும் நன்று. இது நோயைத் தீர்க்காது. அன்றைய நோவை ஆற்றும்.

செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் எருக்கிலையை வைத்து மிதிக்கும் பழக்கம் நம் முன்னோர் கொண்டுவந்தது. மிதமான சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி இதமளிக்கலாம். ஆனால் நீரிழிவு, அதாவது நம்மவர் 'இனிப்புநீர்' என்று கூறும் நோய் உள்ளவர்களுக்கு இது பேராபத்தாகும். அவர்களுடைய பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். அந்தப் புண் ஆறாமல் விரலையோ காலையோ இழக்கும்படி நேரலாம். 2019-ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இந்த விழுக்காடு இன்னும் கூடுதல். தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர் பலர். எனவே இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்காதவர்கள் சுடுசெங்கல்லைத் தொடாதிருப்பதே நலம். பனிக்கட்டி வைக்கும்போதும், உணர்ச்சி குன்றிய பாதமாயின் இதே எச்சரிக்கை வேண்டும்.

மாத்திரைகள்

ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் சில நாட்களுக்கு நோவைக் குறைக்கும், நாரைச் சீராக்கா. நெடுநாள் விழுங்கினால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகத்துக்குக் கேடும் விளையலாம். இரத்த அழுத்தமும் ஏறலாம். மருத்துவர் கூறிய அளவிலும் நாட்களிலும் மட்டுமே இவற்றை உட்கொள்ள வேண்டும்.

"ஒரே நாளில் எல்லா வலியும் பறந்துவிடும்" என்று கூறி விற்கப்படும் பெயர் தெரியாத மாத்திரைகளையும் பொடிகளையும் அறவே விலக்க வேண்டும். மூலிகை மருந்து என்ற பெயரில் விற்கப்படும் சிலவற்றில் 'டெக்ஸாமெத்தசோன்' எனும் ஸ்டிராய்டு மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. வலி விரைவில் குறைவது உண்மையே. ஆனால் முகம் வீங்குதல், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுதல், எலும்பு நலிதல் ஆகியன பின்தொடரும். நம் நாட்டில் பதிவுபெற்ற மருந்தின் உறையில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும், ஒளிரும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். அவை இல்லாத மருந்தை வாங்கலாகாது.

ஊசி

குதிகாலில் போடப்படும் ஸ்டிராய்டு ஊசியைப் பற்றியே மக்கள் அதிகம் விசாரிக்கின்றனர். இதன் நிவாரணம் விரைவானது, ஆனால் குறுகியது. 2012-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் 82 பேரிடம் நடத்திய ஆய்வில், ஊசி பெற்றவர்களுக்கு நான்காம் வாரத்தில் வலி குறைந்தது. எட்டாம் வாரத்திலும் பன்னிரண்டாம் வாரத்திலும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

அதே நாட்டில் 2019-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, ஊசியையும் உள்மெத்தையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. நான்காம் வாரத்தில் ஊசி முந்தியது. பன்னிரண்டாம் வாரத்தில் உள்மெத்தை முந்தியது. வேறுபாடு பெரிதன்று. எனினும் விரைந்து வந்த நிவாரணம் விரைந்தே போய்விடுகிறது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

மேலும், ஊசியால் நார்ப்பட்டை அறுந்துபோவதும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்துபோவதும் அரிதாக நேர்வதுண்டு. மீண்டும் மீண்டும் போட்டால் இந்த ஆபத்து கூடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். ஊசி போட்ட மறுநாளே வலியில்லை என்று எண்ணிப் பாரம் தூக்கி மேட்டில் ஏறுவது தவறு. வலி தாங்கவியலாமல் பயிற்சியே செய்ய முடியாதவர்களுக்கு, மருத்துவரின் முடிவுப்படி, பயிற்சிக்கு வழிதிறக்கும் ஓர் உதவியாக ஊசியைக் கருதலாம்.

ஏனைய சிகிச்சைகள்

அதிர்வலைச் சிகிச்சை என்பது, இயந்திரத்தின் வழியாக வலுவான ஒலியலைகளைக் குதிகாலில் செலுத்துவதாகும். ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 2002-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 166 பேரைக் கொண்ட ஆய்வில், உண்மையான அலை பெற்றவர்களும் பெயரளவுக்குப் பெற்றவர்களும் ஒரே அளவில் நலமடைந்தனர். 2015-ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், உண்மையான அலை பெற்றவர்கள் கூடுதல் நலம் கண்டனர். ஆறு மாதத்துக்கு மேலாகியும் பயிற்சியாலும் காலணியாலும் தீராத வலிக்கு இதனை முயலலாம்; முதல் வாரத்திலேயே பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

நம் இரத்தத்தையே எடுத்துப் பிரித்து ஊசியாகச் செலுத்தும் முறையும் இப்போது வழக்கில் உள்ளது. சில ஆய்வுகள் இதனை ஆதரிக்கின்றன, சில ஆதரிக்கவில்லை. செலவோ அதிகம். இரவில் பாதத்தை மடங்காமல் நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கி, காலை வலி கடுமையாக உள்ளவர்களுக்கு உதவலாம்; உறக்கம் கெடுவதால் பலர் கழற்றி வைத்துவிடுகின்றனர். உள்ளங்காலில் ஒட்டுப்பட்டை போட்டுக் கட்டுவது ஒரு வாரக் காலத்துக்கு வலியைக் குறைக்கும். முறையாக ஒட்டுவதை இயன்முறைச் சிகிச்சையாளரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

எந்த வரிசையில் செய்வது?

2021-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ ஏடு ஒன்றில் வெளியான வழிகாட்டியும், நாரை நீட்டும் பயிற்சி, ஒட்டுப்பட்டை, நோயைப் பற்றிய விளக்கம் ஆகியவற்றையே முதற்படியாக வைக்கிறது. சில வாரங்களில் போதிய பலன் இல்லையெனில்தான் அதிர்வலையையும், அதன்பின் அளவெடுத்த மெத்தையையும் கூறுகிறது. நம் நிலைக்கு ஏற்ப இதனை இவ்வாறு சுருக்கிக் கூறலாம்.

முதல் இரண்டு மாதங்கள்: நாள்தோறும் பயிற்சி, நல்ல காலணி, ஆயத்த உள்மெத்தை, வேலை முடிந்தபின் பனிக்கட்டி. எடை கூடுதலாக உள்ளவர்கள் அதனைக் குறைக்கவும் முயல வேண்டும். இரண்டு மாதத்தில் முன்னேற்றமில்லையெனில் சுகாதார நிலையத்தின் வழி இயன்முறைச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலும் தீராவிடில், ஊசி, அதிர்வலை முதலியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கலந்து முடிவு செய்யலாம்.

சில அறிகுறிகள் கண்டால் காத்திருக்கலாகாது. குதிகால் மரத்துப்போதல், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தல், வீக்கமும் சிவப்பும் காய்ச்சலும் தோன்றுதல், உயரத்திலிருந்து விழுந்தபின் வலித்தல், 'பட்' என்ற ஓசையோடு வலி வந்து நடக்க முடியாமற் போதல், நீரிழிவு உள்ளவர் பாதத்தில் புண் உண்டாதல் ஆகியன வேறு நோய்களின் அடையாளமாக இருக்கலாம். இளவயதினருக்கு இரு குதிகால்களும் வலித்து, காலையில் முதுகும் விறைத்திருந்தால் அதனையும் மருத்துவரிடம் கூற வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

வேலையும் ஓய்வும்

"ஓய்வெடுத்தால் சம்பளம் போய்விடுமே" என்னும் கவலை நியாயமானதே. இந்த வலிக்கு முழு ஓய்வு தேவைப்படுவது அரிது. பாரத்தைக் குறைப்பதே தேவை. இரண்டு வாளியை ஒரே நடையாகச் சுமப்பதற்குப் பதில் இரு நடையாகச் சுமக்கலாம். பால் வடியும் வரை காத்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்து, நாரை நீட்டும் பயிற்சியைச் செய்யலாம். சில வாரங்களுக்குச் சமதரையில் நிரை தருமாறு மண்டோரிடம் மருத்துவரின் கடிதத்தைக் காட்டிக் கேட்கலாம்.

நடக்கவே இயலாத நாட்களில் மருத்துவ விடுப்பு எடுப்பது சலுகையன்று, உரிமையாகும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் தங்காத நோய்க்கு, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழைப் பெற்று, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

குதிகால் வலிக்கு ஒரே நாளில் தீர்வு தரும் மருத்துவம் எதுவும் இல்லை. ஆனால் பெருஞ்செலவு பிடிக்கும் சிகிச்சைகளை நாடுமுன், துண்டும் படிக்கட்டும் உள்மெத்தையும் கொண்டு நம் வீட்டிலேயே செய்யக்கூடியவை இவ்வளவு உள்ளன. நாளைக் காலை பெரட்டுக்குக் கிளம்புமுன், படுக்கையிலேயே உட்கார்ந்து கால்விரல்களை ஒருமுறை பின்னுக்கு வளைத்துப் பத்து எண்ணிப் பாருங்கள்.